வெளுத்துப்போன செவ்வந்திக்கல்லோடு பெங்களூருக்கு

கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரத்தின் ஊதாக் கல் ஒன்றரை வருடத்தில் வெளுத்துவிட்டது. “உங்கப்பா கண்ணாடியைப் பதிச்சுக் குடுத்துட்டாரு” என்று நான் வாயை விட்டேன். அது பெங்களூர் ஒக்கலிபுரத்தில் இருந்த அவர் காதுக்கும் போயிற்று. என் மனைவி கன்னியம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. கல் அசலா என்று பார்த்துவிடத்தான், அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலார் தங்கவயலிலிருந்து இருவரும் ரயில் ஏறினோம்.

காலை ஆறேகால் வண்டி. ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். பங்காருப்பேட்டையில் வாங்கிய வடையில் எனக்குப் பாதி வந்தது, பேச்சுதான் வரவில்லை. ஒன்பதரைக்கு பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன். அங்கிருந்து சிவாஜிநகருக்கு ஜட்கா, எட்டணா.

கல் பட்டை தீட்டும் பாஷா பாய் கல்லைக் கழற்றி லென்ஸில் பார்த்தார். பிறகு கண்ணாடித் துண்டில் இழுத்தார். கண்ணாடியில்தான் கீறல் விழுந்தது.

“குமிழி இல்ல, நிறம் பட்டை பட்டையா ஓடுது. அசல் செவ்வந்திக்கல். குவார்ட்ஸ்ங்கிற படிகக்கல் ஜாதி.”

“தங்கத்துக்காக நாங்க ஒடைக்கிற வெள்ளைக் கல்லும் அதானே பாய்?”

“ரெண்டும் அண்ணன் தம்பி. எரிமலைப் பாறைப் பொந்துல சுடுதண்ணி தங்கி, ரொம்ப காலத்துல கல்லா வளரும். துளி இரும்பு கலந்தா ஊதா. சூடு காட்டுனா மஞ்சளாவும், வெயில்ல கெடந்தா வெளுக்கும். இத்த எங்க வெச்சிருந்தீங்க?”

எனக்கு வேலை தங்கச் சுரங்கத்தில். சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது கேட்டில் உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். அதனால் நாங்கள் யாரும் பொன் நகை போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவதில்லை. ஷிஃப்டுக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவேன். ஒன்றரை வருடமும் அங்கே நல்ல வெயில்.

“அரிசி டப்பாவுல வைங்கன்னு சொன்னேன் பாய், கேக்கல” என்றாள் கன்னியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “வாங்க, எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க.”

பாய் கல்லைப் பதித்துக் கொடுத்ததும் ஒக்கலிபுரம் போனோம். மாமனாரிடம் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே போய் இன்னொரு மோதிரம் கொண்டுவந்தார். கத்தரிப்பூ நிறம், அப்படியே இருந்தது.

“ஒரே கல்ல ரெண்டா அறுத்தது மாப்ள. எனக்குன்னு பெட்டியில வெச்சிருந்தேன். நீங்க இத்த போட்டுக்கங்க. வெளுத்தது என் நரைச்ச தலைக்குப் பொருத்தமா இருக்கும்.”

மூவரும் சிரித்துவிட்டோம். சத்தியமாக அன்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

செவ்வந்திக்கல் வாங்கப் போகிறவர்களுக்கு: காலையிலேயே கடைக்குப் போங்கள், பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். வீட்டில் வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். முக்கியமாக, கல் வெளுத்தால் மாமனாரைத் திட்டுவதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள். திரும்பும் ரயிலில் கன்னியம்மா நான்கு நாள் பேச்சையும் சேர்த்துப் பேசினாள். தங்கவயலில் நாங்கள் இறங்கும் மாரிக்குப்பம் ஸ்டேஷன் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.