வலி வருமுன் வாயைப் பார்த்த டாக்டர்

டாக்டர் கனகவல்லி அம்மையார் சேலத்தில் மாரடைப்பால் காலமானார் என்று அவருடைய தங்கை எழுதிய கார்டு செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது. மறுநாளே எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரங்கல் கூட்டம் கூட்டிவிட்டார்கள். அவரைத் திருவண்ணாமலையை விட்டு விரட்டியபோதும் இதே சுறுசுறுப்பைக் காட்டியவர்கள்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கம்பவுண்டர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வேர்க்கடலை உடைக்கும் பெண்கள் வாய்ப்புண்ணோடு வருவார்கள். புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்களோ அந்தப் பக்கமே புண் வருவதை அவர்தான் கவனித்தார். ஒவ்வொருவரையும் விசாரித்து நோட்டில் எழுதினார். பிறகு டார்ச் விளக்கோடு அவர்கள் கடலை உடைக்கும் களத்துக்கே போய், புண் இல்லாதவர்களின் வாயையும் பார்த்தார்.

"வலி ஜாஸ்தியானப்புறம் வந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளையா திட்டு தெரியறப்பவே வந்துடுங்க" என்பார்.

ஊர் சிரித்தது. புகையிலை மண்டி வைத்திருந்த நகரசபை உறுப்பினர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனைவிக்கும் அந்தப் பழக்கம் உண்டென்று கேள்விப்பட்ட டாக்டர், அந்த உறுப்பினரின் வீட்டுக்கே போனார். நானும் உடன் போனேன்.

"ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேங்க."

"எங்க வூட்டுப் பொம்பளைங்க கண்டவங்க கிட்ட வாயத் தொறந்து காட்ட மாட்டாங்க. கெளம்புங்கம்மா."

அடுத்த மாதமே மேலிடத்துக்கு ஒரு மனு போயிற்று. பெண்களை அவமதிக்கிறாராம், ஜனங்களைப் பயமுறுத்துகிறாராம். வீரர்கள் பலர் கையெழுத்திட்டார்கள். வேலைக்குப் பயந்து நானும் போட்டேன். மாற்றல் உத்தரவு வந்து கிளம்பிய அன்று, டாக்டர் அந்த நோட்டை என்னிடம் நீட்டினார்.

"இதுலயாவது உண்மைய எழுதுங்க."

நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த வருடம் உறுப்பினரின் மனைவி தாடை அழுகி இறந்தார்.

அந்த உறுப்பினர்தான் இரங்கல் கூட்டத்துக்குத் தலைவர். "அம்மையார் தெய்வப் பிறவி" என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. மண்டியைத்தான் இன்னும் மூடவில்லை.

அப்போது பின்னாலிருந்து அடி அண்ணாமலை கிராமத்துப் பச்சையம்மாள் எழுந்தார். டாக்டர் திட்டைக் கண்டுபிடித்து, வேலூருக்கு அனுப்பி அறுத்தெடுக்கச் செய்து பிழைக்க வைத்த பெண்களில் ஒருவர்.

"நானும் பேசணுங்க."

"நேரமில்ல, ஒக்காரும்மா."

"அந்தம்மா பாத்ததாலதான் எனக்கு இந்த வாய் இருக்குது. உங்க வூட்டம்மாவையும் பாக்கத்தான் வந்தாங்க. நீங்கதான் வுடல."

பச்சையம்மாள், மேடையில் மாலையோடு இருந்த டாக்டரின் படத்தைக் கும்பிட்டுவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.

போய் வாருங்கள், டாக்டர் அம்மா. அந்தக் கூட்டத்திலும் நான் எழுந்து பேசவில்லை.