வெள்ளிக் கோட்டுக்காரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் நான் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பெண்ணாக வேலை பார்த்தேன். இதைச் சொன்னால் பாதிப் பேர், "கார்ட்டூன் வரைஞ்சீங்களா?" என்று கேட்பார்கள். வரையவில்லை. அவளாகவே நின்றேன். சூப்பர்மார்க்கெட் வாசலில், பஞ்சு அடைத்த பெரிய தலை ஒன்றை மாட்டிக்கொண்டு, வருகிற போகிற பிள்ளைகளுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு நின்றேன்.

வார நாட்களில் ஷா ஆலமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் இது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இந்த மாதிரி விளம்பர வேலைகளுக்கு ஆள் அனுப்பும் சீனர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யூ ஷோர்ட். வெரி குட் லா" என்றார். முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை என்று மலாயில் சேர்த்துக்கொண்டார். இந்தக் கறுத்த முகத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, சேல்ஸ் கேர்ள் வேலை கேட்டு, இல்லை இல்லை என்ற பதிலையே கேட்டு அலுத்தவள் நான். அவர் சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சரி என்றேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடர் அப்போது சாயங்காலங்களில் தொலைக்காட்சியில் மலாயில் பேசிக்கொண்டு வரும். பூக்கடைக்காரியின் மகள் ஒருத்தி. திக்கித் திக்கிப் பேசுவாள், எதை எடுத்தாலும் கீழே போடுவாள். ஊருக்கு ஆபத்து வந்தால் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு வெள்ளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேறொருத்தியாகிவிடுவாள். ஊரே அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடும். அவள் காதில் ரகசியமாக ஓர் ஆசையைச் சொன்னால், அவள் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டுவாள். தலையாட்டிவிட்டால் அது நடந்தே தீரும். அவள் உண்மையில் யார் என்று மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது.

எப்படி நிற்பது, எப்படி நடப்பது என்று கற்றுக்கொள்வதற்காக அந்தச் சீன பாஸ் தன் ஸ்டோர் அறையில் கேசட் போட்டுக் காட்டினார். நடையைப் பார்க்க உட்கார்ந்தவள் கதைக்குள் போய்விட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா பூக்கடைச் சுவரில் வெள்ளிக் கோட்டுக்காரியின் படத்தை ஒட்டிவைத்து, "அவளைப் பார், உன்னைப் பார்" என்று தன் மகளையே திட்டிக்கொண்டிருப்பாள். மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவாள். ஒரு தடவை அவள் மனம் வெறுத்து அந்த உடுப்பை ஆற்றில் வீசப் போகிறாள், வீசாமல் திரும்பி வருகிறாள். அதையும் வீசிவிட்டால் அம்மாவுக்குப் பிடித்த ஒருத்தியும் இல்லாமல் போய்விடுவாளே என்ற கவலை அவளுக்கு. எனக்கு அந்த அம்மாவை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத அம்மா என்ன அம்மா என்று அந்த ஸ்டோர் அறையில் தனியாக உட்கார்ந்து பொருமினேன்.

வேலையில் சட்டங்கள் உண்டு. வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. உடம்பில் ஓர் அங்குலம்கூடத் தெரியக் கூடாது. ஒரு நாள் கையுறை கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒரு பொடியன் என் மணிக்கட்டைச் சுட்டிக்காட்டி, இவள் கை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று மலாயில் கத்தினான். என் கூடவே நின்று மைக்கில் பேசும் மலாய்ப் பெண், சண்டை போட்டுவிட்டு நேராக வருகிறாள், அழுக்கு என்று சமாளித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பொம்மைத் தலையும் சிரித்த முகமாகத்தான் இருந்தது. அதற்கு அந்த ஒரு முகம்தானே.

இந்தக் கூத்தெல்லாம் யாருக்காக என்றால், என் மகளுக்காக.

என் கணவர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. நான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். அவர் வீட்டில் யாருக்கும் பிடிக்காமல்தான் கல்யாணம் நடந்தது. மகளுக்கு மூன்று வயதாகும்போது ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் போய்விட்டார். எனக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பிள்ளை இல்லாதவர், "என்கிட்ட விடு. நீ ஒரு நிலைக்கு வந்ததும் கூட்டிட்டுப் போ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குப் பெரிய சங்கடமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கிள்ளான் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். முதலில் நான் கிளம்பும்போது மகள் கதறுவாள். பிறகு அழுகை குறைந்தது. பிறகு டாட்டா காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அத்தையை எப்போதிருந்து அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு அம்மா இருந்தால் பிரித்துச் சொல்ல வேண்டுமே, அதனால் என்னை ஊர் பெயர் சேர்த்து, 'பிரிக்பீல்ட்ஸ் அம்மா' ஆக்கிவிட்டாள். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன்.

பொம்மை வேலை வந்ததும் ஞாயிறுகளும் போயின. பூச்சோங்கில் ஒரு சின்ன வீடு, பக்கத்தில் தமிழ்ப்பள்ளி, அதில் மகளுக்கு முதலாம் ஆண்டு என்று எல்லாவற்றையும் மனதில் போட்டு வைத்திருந்தேன். மகளைக் கூட்டிவரத்தான் மகளைப் பார்க்கப் போகாமல் இருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது. போனில் பேசினால், "சாப்பிட்டேன், ஓகே" என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுவாள். பள்ளி விடுமுறை முடிவதற்குள் வந்து கூட்டிப் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். "உன் பிள்ளை. நான் தடுக்க மாட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது.

அந்த விடுமுறையில்தான் கிள்ளானில் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு எங்களை அனுப்பினார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து வெள்ளிக் கோட்டுக்காரியின் காதில் ஆசையைச் சொல்ல வேண்டும், அவள் தலையாட்ட வேண்டும். எந்த ஆசையாக இருந்தாலும் தலையாட்டு, பிள்ளையை ஏமாற்றி அனுப்பாதே என்று பாஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரும்பாலும் சைக்கிள் கேட்பார்கள். நான் சைக்கிள்களாக வாரி வழங்கிக்கொண்டிருந்தேன்.

பொம்மைக்குக் கண்கள் வெறும் பெயிண்ட். வாயில் கறுப்பு வலை வைத்திருப்பார்கள், அது வழியாகத்தான் பார்க்க வேண்டும். அந்த வலை வழியாக வரிசையில் அண்ணியைப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள். வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். வேறு ஒருத்தியின் உடுப்பில் இருந்தாலும், என் பிள்ளையைத் தொடப் போகிறேன்.

அவள் முறை வந்தது. கிட்டே வந்து நின்றுவிட்டாள்.

"போம்மா, பயப்படாத. என்ன வேணும்னு கேளு" என்றார் அண்ணி.

"தமிழ்ல கேட்டா அவங்களுக்குப் புரியாதும்மா" என்றாள் என் மகள்.

டிவியில் வெள்ளிக் கோட்டுக்காரி மலாய் அல்லவா பேசுவாள். நான் முட்டி போட்டேன். அவள் அந்தத் துணிக் காதில் வாயை வைத்து, மனப்பாடம் செய்து வந்த மாதிரி மலாயில் சொன்னாள். "தொலோங், ஜாங்ஙான் பாகி மாக் பிரிக்பீல்ட்ஸ் அம்பில் சாயா."

பிரிக்பீல்ட்ஸ் அம்மா என்னைக் கூட்டிப் போக விடாதீர்கள், தயவு செய்து.

என்னால் தலையாட்ட முடியவில்லை. தன் மலாய்தான் சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பவும் சொன்னாள். "நான் போய்விட்டால் என் அம்மா தனியாக இருந்து அழுவாங்க" என்றாள். பிறகு, யாரையோ தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி, "பிரிக்பீல்ட்ஸ் அம்மாவும் நல்லவங்கதான், என்னை அடிக்க மாட்டாங்க" என்றும் மலாயில் சொல்லிக்கொண்டாள்.

தலையைக் கழற்றிவிடலாமா என்று இருந்தது. கைகூடக் கழுத்துவரை போய்விட்டது. கழற்றினால் அவள் என்ன பார்ப்பாள்? உலகத்திலேயே அவள் நம்பி வந்த ஒருத்தியின் உள்ளேயிருந்து, அவள் பயப்படுகிற அதே ஆள், வேர்த்து வடியும் முகத்தோடு வெளியே வருவதைப் பார்ப்பாள். அப்புறம் அவளுக்கு வெள்ளிக் கோட்டுக்காரியும் இல்லை, நானும் இல்லை. கேசட்டில் அந்தப் பெண் ஏன் உடுப்பை ஆற்றில் வீசாமல் திரும்பினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஓர் அம்மா தன் மகளைத் தெரியாமல் கோட்டுக்காரியைக் கொண்டாடினாள். இங்கே என் மகள் என்னிடமே வந்து, என்னைத் தடுத்து நிறுத்தச் சொல்லிக் கேட்கிறாள்.

வரிசை நீண்டுகொண்டு போனது. மலாய்ப் பெண் என் முதுகில் தட்டினாள். நான் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினேன்.

மகளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் பொம்மைக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். நடுவில் பஞ்சு. அவளுடைய சூடுகூட எனக்கு வந்து சேரவில்லை. அடுத்த பிள்ளைக்கு நேரமாகிவிட்டது என்று அவளைப் பிரித்து அனுப்பினார்கள். இடைவேளையில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் தலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ரொம்பச் சூடா என்று மலாய்ப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுக் கிள்ளான் போனேன். கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்த நாள் அது. அந்த வாரம் முழுக்க ஒரு மனம், சின்னப் பிள்ளைப் பேச்சு, இரண்டு மாதத்தில் பழகிவிடுவாள், தூக்கிக்கொண்டு வா என்றது. உண்மையாகவும் இருக்கலாம். இன்னொரு மனம் அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பஸ்ஸில் ஏறும்போதுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. அண்ணி பள்ளிச் சீருடைகூட வாங்கி, இஸ்திரி போட்டு மடித்து மேலே வைத்திருந்தார். கண் வீங்கியிருந்தது. மகள் அவர் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் அந்த வீட்டுக்குள் காலை வைத்தபோது, அவள் வாசலைத் தாண்டி தெருவைப் பார்த்தாள். யாரோ வந்து காப்பாற்றப் போகிறார்கள் என்று எதிர்பார்ப்பது தெரிந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பூச்சோங் வீடு சரியா அமையல அண்ணி" என்றேன். "பாப்பா இங்கேயே ஸ்கூலுக்குப் போகட்டும். நான் வந்து வந்து பார்த்துக்கிறேன்."

"இந்த வருஷம் மட்டுமா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. இங்கேயே இருக்கட்டும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு அமையவில்லை என்பதை அவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, டீ கலக்கப் போகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டார்.

மகள் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு வந்தாள். யாரும் தள்ளாமல், யாரும் சொல்லாமல், அவளாகவே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அது நடந்தது. நான் அவளை விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்ற நிம்மதியில் அவள் அப்படி உட்கார்ந்தாள். அது தெரிந்தும் எனக்கு அந்தக் கனம் வேண்டியிருந்தது.

"பிரிக்பீல்ட்ஸ் அம்மா, ஒண்ணு சொல்லவா? நான் வெள்ளிக் கோட்டு அக்காவை நேர்ல பார்த்தேன்."

"அப்படியா?"

"நான் ஒண்ணு கேட்டேன். தலையாட்டினாங்க. அவங்க தலையாட்டினா கட்டாயம் நடக்கும்."

"என்ன கேட்ட?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள்.

"மறந்து போச்சும்மா" என்றாள்.

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வருத்தப்படக் கூடாது என்று என் மகள் என்னிடம் மறைத்தாள். அன்று ஊர் பெயர் சேர்க்காமல் என்னை ஒரு தடவை அம்மா என்று சொன்னாள் என்பதுகூட, பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.