கைலாசம் வீட்டுக் கார் கொதித்த வாரம்

சங்கரன்கோவிலில் பஞ்சு வியாபாரி கைலாசத்தின் காரைக் கறுப்புக் கார் என்று சொல்பவர்கள் உண்டு. கறுப்பு இல்லை, கரும்பச்சை. வெயிலில் பார்த்தவர்களுக்குத் தெரியும். உலகச் சண்டை முடிந்த பிறகு சொந்த ஊருக்குக் கப்பலேறவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் மதுரையில் வாங்கிய வண்டி. வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டியவர் தங்கப்பழம்.

தங்கப்பழம் குருவிகுளம் பக்கத்துக்காரர். ராணுவ லாரியில் தொழில் பழகியவர் என்பதால் காரையும் லாரி மாதிரியே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டுவார். ரதவீதிக்குள் மனிதர்களுக்கு ஹாரன் அடிக்க மாட்டார். தலையை வெளியே நீட்டிப் பேர் சொல்லி ஒதுங்கச் சொல்வார். ஹாரன் ஆடுமாடுகளுக்கு மட்டும். "ஆட்டுக்குப் பேரு தெரியாதுல்லா" என்பார். வண்டியை 'அது' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'இவ' என்றுதான் சொல்வார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. எஞ்சினில் சூடேறி வரும் தண்ணீர், முன்பக்கம் அந்தத் தகட்டுப் பெட்டியில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கிக் குளிர்ந்து திரும்பப் போக வேண்டும். பெட்டியின் அடியில் விரிசல். மெக்கானிக் பாதுஷா அதைக் கழற்றிக்கொண்டு போய் ஈயம் பற்றவைத்து மாட்டிக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. ஆனால் புளியங்குடி போவதற்குள் வண்டி கொதித்து, மூடியிலிருந்து ஆவி சீறியது. இரண்டு நாள் கழித்துக் கழுகுமலை சாலையில் மறுபடியும் கொதித்தது.

கைலாசம் பொறுமைசாலி இல்லை.

"ஒழுகும்போது ஒழுங்கா ஓடுச்சு. ஒழுகல் நின்ன பொறவு கொதிக்கு. இது என்ன ரிப்பேருலே?" என்றார். "வியாழக்கிழமை வாசுதேவநல்லூருக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போகணும். வழியில ஒருக்க புகைஞ்சாலும் சரி, ராஜபாளையத்து மில்லுக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, வெள்ளிக்கிழமை அவருகிட்டத் தள்ளி விட்டுருவேன்."

மில்லுக்காரரிடம் ஏற்கெனவே ஒரு டிரைவர் இருந்தார். ஆக, வண்டி போனால் தங்கப்பழத்தின் வேலையும் போகும். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள்.

புதன்கிழமை காலையில் தங்கப்பழம் பாதுஷாவைக் கைலாசத்தின் வீட்டு முற்றத்துக்கே அழைத்து வந்துவிட்டார்.

"வே பாய், நீரு பத்தவச்சது தண்ணி ஒழுகாம இருக்கவா, ஓடாம இருக்கவா?"

"ஆமாவே, நான் கை வச்சா ஊர்க் குளமெல்லாம் வத்திரும். முதல்ல மூடியத் தெறயும்."

காற்றாடியின் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார்கள், இறுக்கமாகத்தான் இருந்தது. தண்ணீர் மாற்றும்போது உள்ளே காற்று அடைத்துக்கொள்வது உண்டு. அதனால் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாயைப் பசு மடி கறப்பதுபோலப் பிசைந்தார் பாதுஷா. நாலைந்து குமிழி வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தங்கப்பழம் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். மேல் குழாய் கையைப் பொசுக்கியது. கீழ்க் குழாய் மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது.

"மேல அடுப்பு, கீழ ஆத்தங்கரை. தண்ணி கீழ எறங்கலவே."

ஆறவிட்டு அடிக்குழாயைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் கூழ்போலச் சேறு இறங்கியது. பாதுஷா அதை இரண்டு விரலில் தேய்த்தார். தேய்த்த விரல் அப்படியே நின்றது. தங்கப்பழத்திடம் கையை நீட்டினார். அவரும் தேய்த்துப் பார்த்தார்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு அந்த மண்ணைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். நறநறப்பு இல்லாமல் மாவாகக் குழையும். கோமதியம்மன் கோவில் புற்றுமண். சிரங்கோ, பூச்சிக்கடியோ, எது வந்தாலும் ஊரில் முதல் மருந்து அதுதான்.

"எங்க உம்மாவே எனக்குச் சிரங்குக்கு இதப் பூசியிருக்கா" என்றார் பாதுஷா. "காருக்குமாவே சிரங்கு?"

தங்கப்பழத்துக்கு விளங்கிவிட்டது. வண்டி ரிப்பேர் முடிந்து வந்த அன்று, முதல் தண்ணீர் நான்தான் ஊற்றுவேன் என்று செம்போடு வந்தவர் கைலாசத்தின் மனைவி வடிவாம்பாள். அந்த வீட்டில் அது வழக்கம். பழுது பார்த்து எது வீட்டுக்குள் வந்தாலும் புற்றுமண் பூசித்தான் ஏற்றுக்கொள்வார்கள். கிணற்று ராட்டினத்துக்குக்கூட உண்டு. காருக்குப் பூசுவதற்குப் பதில் கரைத்து ஊற்றியிருக்கிறார்.

அதற்குள் கைலாசம் பின்னால் வந்து நின்றார்.

"என்னலே சேறு? குளத்துத் தண்ணிய ஊத்துனியா? கெணத்துத் தண்ணியத் துணியில வடிகட்டித்தான் ஊத்தணும்னு எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன்!"

பாதுஷா வாயைத் திறந்தார். தங்கப்பழம் அவர் காலை மிதித்தார். வடிவாம்பாளைக் காட்டிக் கொடுக்கவும் மனமில்லை. ஆமாம் என்றால் வெள்ளிக்கிழமை வரைகூட வேலை இருக்காது.

"அவன ஏன் வையுதிய?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வடிவாம்பாள் நிலைப்படியில் நின்றார். "நாந்தான் ஊத்துனேன்."

"நீயா? எம்புட்டு?"

"மொத நாளு ஒரு கொட்டாங்கச்சி. இம்மாம் பெரிய வண்டிக்கு ஒரு சிட்டிகை காணுமா? பொறவும் கொதிச்சிச்சே, மருந்து பத்தலன்னு இன்னும் ரெண்டு கொட்டாங்கச்சி கரைச்சு ஊத்துனேன்."

கைலாசம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வடிவாம்பாள் சிரிக்கவில்லை. "அம்மன் மண்ணு கெடுதி செய்யுமாப்பா?" என்று தங்கப்பழத்தைக் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"மண்ணு ஒண்ணும் செய்யலம்மா. மேலுக்குப் பூசுத மருந்த உள்ளுக்குக் குடுத்துட்டோம், அம்புட்டுதான்."

மதியம் முழுக்க வேலை நடந்தது. ரேடியேட்டரைக் கழற்றி, கீழ்வாயிலிருந்து மேல்நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சி, தெளிவாக வரும்வரை விடவில்லை பாதுஷா. கால்பட்டுவிடக் கூடாது என்று சேற்றையெல்லாம் வாளியில் பிடித்துக் கொல்லையில் அரளிச் செடியின் அடியில் ஊற்றினார் தங்கப்பழம். அந்த வருஷம் அரளி நன்றாகப் பூத்தது. அதற்குக் காரணம் மண்ணா, தண்ணீரா என்பது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் வண்டி கிளம்பும்போது வடிவாம்பாள் கிண்ணத்தோடு வந்தார். கைலாசமும் தங்கப்பழமும் ஒரே நேரத்தில் கையை நீட்டி மறித்தார்கள்.

"பயப்படாதிய, மேலுக்குத்தான்" என்று ரேடியேட்டரின் நெற்றியில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்.

கைலாசம் பின் சீட்டில் உட்காராமல் முன்னால் உட்கார்ந்து, வழி முழுக்க மூடியையே பார்த்துக்கொண்டு வந்தார். புளியங்குடி போயிற்று. மலை பக்கத்தில் வந்தது. தங்கப்பழம் ஓர் ஆட்டுக்குக்கூட ஹாரன் அடிக்கவில்லை. வாசுதேவநல்லூரில் அக்கா பானக்கத்தோடு வாசலுக்கு வந்தபோது, கைலாசம் அதை வாங்காமல் நேரே போய் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"ஏலே, கை வைக்க முடியுதே!"

தங்கப்பழம் அப்போதுதான் ஸ்டியரிங்கை விட்டார்.

வெள்ளிக்கிழமை, சொல்லிவைத்தபடி மில்லுக்காரர் ரயிலில் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, முன்பக்கம் காய்ந்திருந்த கோட்டைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"வைத்தியம்" என்றார் கைலாசம். "கொணமாயிட்டு. இப்ப விக்கிறதா இல்ல. நீங்க காப்பி குடிங்க."

காப்பி குடித்த மில்லுக்காரரை அதே காரில் ஏற்றிக்கொண்டு போய் ரயிலடியில் இறக்கிவிட்டு வந்தார் தங்கப்பழம். போகும்போதும் வரும்போதும் ஆடுகளுக்கெல்லாம் ஹாரன் அடித்தார்.