சாண் நீளக் குழாய்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். முப்பது வருடமாகச் சீமெந்து பிசைகிற கை, பேனாவுக்குப் பழக்கமில்லை. அச்சில் போடுகிறவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். நான் செய்தது என்று எழுதியிருப்பதை மட்டும் குறைக்க வேண்டாம்.

எனக்கு ஒரே அக்கா. ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அவள் இருந்த லயம், காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் ஒட்டி நிற்கிற வரிசை, மண்மேட்டுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேடு கொஞ்சம் இறங்கி வந்து பின்கதவை அடைத்துக்கொள்ளும். மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி வரும். அணைச்சுவர் கட்டித் தரச்சொல்லி லயத்து ஆட்கள் எத்தனையோ தடவை மனுக் கொடுத்தார்கள். பல வருடம் கழித்து ஒருநாள் பிரதேச சபையிலிருந்து காசு ஒதுக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அக்கா எனக்குப் போன் எடுத்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

நான் அப்போது கண்டி டவுனில் குடியிருந்துகொண்டு, ஒரு கொந்தராத்துக்காரரிடம் மேசன் கையாளாக வேலை செய்தேன். அந்தச் சுவர் வேலை அவருக்கே கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. சபை உறுப்பினர் ஒருவர் அப்போது புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்கு வருகிற சீமெந்து லொறி முதலில் அந்த வீட்டு வாசலில் நிற்கும். பாதி அங்கே இறங்கும். இறக்கியது நாங்கள்தான். என் தோளிலும் சுமந்தேன். மீதியோடு லொறி மலை ஏறும்.

எங்கள் தலைமை மேசனைப் பெரிய பாஸ் என்போம். தெல்தெனிய ஆள், சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் என்னைத் தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தன்னுடைய பார்சலில் இருக்கிற மீன் துண்டை என் சோற்றில் வைப்பார். சுவருக்கு வெளிப்பக்கம் நல்ல கருங்கல், நல்ல பூச்சு. உள்ளே மண்ணும் உடைந்த கல்லும். சீமெந்து போதாது என்றால் வேறு என்ன செய்வது என்று கேட்டார்.

அணைச்சுவரில் வரிசையாகக் குழாய் வைக்க வேண்டும். மேட்டில் ஊறுகிற தண்ணீர் அந்தக் குழாய்கள் வழியாக வெளியே போனால்தான் சுவர் நிற்கும். குழாய் சுவரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் போக வேண்டும். பெரிய பாஸ் என்னிடம் குழாயையும் வாளையும் கொடுத்து, தன் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

"இவ்வளவுதான் மல்லி. எல்லாத்தையும் இந்த அளவுக்கு வெட்டு."

"சுவரு தடிப்பு ரெண்டரை அடி இருக்கே பாஸ்."

"முழுசா வச்சா என்ன நடக்கும்? மழைக்கு உள்ள இருக்கிற மண்ணு கரைஞ்சு குழாய் வழியா வரும். சபையிலிருந்து வேலைய செக் பண்ண வர்ற டீ.ஓ. மாத்தயா அதப் பாப்பார். சின்னதா வச்சா ஒண்ணும் வராது. அவர் குழாய் வாய மட்டும்தான் எண்ணுவார்."

"அப்ப தண்ணி எங்க போகும்?"

"தண்ணி நம்மகிட்ட கேட்டுட்டா போகுது? அதுக்கு வழி அதுக்குத் தெரியும்."

மற்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் பேச வராது. கடையில் மீதிக் காசு குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். ஆனாலும் அன்று சாயங்காலம் பெரிய பாஸைத் தனியாகப் பிடித்து, கடைசிக் காம்பராவில் இருப்பது என் அக்கா என்று சொன்னேன்.

அவர் என் தோளில் தட்டினார். "அப்ப சரி. அந்தப் பக்கம் வரும்போது நல்ல கலவை போடுறேன். குழாயும் முழுசா வைப்போம். உங்க அக்கா எனக்கும் அக்காதான்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த லயத்தில் பத்துக் காம்பரா. மற்ற ஒன்பது காம்பராவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இதை எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

வேலை மறுமுனையில் தொடங்கி அக்கா பக்கமாக வந்தது. அவள் காம்பராவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தபோது சீமெந்து முடிந்துபோயிருந்தது. அடுத்த லொறி வரவே இல்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. பெரிய பாஸ் என் முகத்தைப் பார்க்காமல் மண்ணை அள்ளி உள்ளே போட்டார். நான் சாண் சாணாக வெட்டின குழாய்களை எடுத்துக் கொடுத்தேன்.

டீ.ஓ. வந்தார். கையில் இருந்த குச்சியால் குழாய் வாய்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. கொந்தராத்துக்காரர் அவரை வேனில் ஏற்றிச் சாப்பிடக் கூட்டிப்போனார். சபை உறுப்பினர் வந்து நாடா வெட்டினார். லயத்து ஆட்கள் தேங்காய் உடைத்து, சுவருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அக்கா என்னை இழுத்துக்கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினாள்.

"என் தம்பி கட்டின சுவரு. கொஞ்சம் பாத்துக்கங்க எல்லாரும்."

"கையாளு தானே, கட்டினது பாஸு" என்று பக்கத்துக் காம்பராப் பெண் கிண்டல் செய்தாள்.

"கையாளு இல்லாம எந்த பாஸு கட்டுவான்? நீ வந்து கல்லு தூக்கினியா?"

முதல் பெரிய மழை வந்தபோது நான் அங்கே போயிருந்தேன். எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார்கள். குழாய்களிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேறொருவர் கட்டின சுவர் எல்லா ஓட்டையிலும் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தது. அதை ஒழுகுகிற சுவர் என்று எங்கள் ஆட்கள் கேலி செய்தார்கள். அக்காவின் புருஷன், என் மச்சான், சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"பாத்தியா மாப்ள, எப்புடி நிக்குது? அவனுங்க சுவரு மழைக்கு மூத்திரம் பேயுது."

ஒழுகுகிறதுதான் நல்ல சுவர் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தண்ணீர் வராததால் அந்தக் குழாய்கள் லயத்து ஆட்களுக்கு அலுமாரி மாதிரி ஆகிவிட்டன. ஒன்றில் சவர்க்காரம், ஒன்றில் சீப்பு, ஒன்றில் வெற்றிலைச் சுருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சவர்க்காரம் எடுக்கக் கையை விட்டவள், விரலால் உள்ளே தட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இது உள்ள அடைச்சிருக்கே. மண்ணு மாதிரி இருக்கு."

நான் செருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்படித்தான் வைப்பாங்க அக்கா."

"அப்படியா" என்றாள். சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு குளிக்கப் பீலித் தண்ணிக்குப் போனாள். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்குச் சரிதான்.

அடுத்த கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. கண்டியிலேயே ரோடெல்லாம் ஆறாக ஓடியது. தோட்டத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் இருக்கச்சொல்லி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பகல், வேலைத்தலத்தில் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றபடி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, ஸ்கூலுக்குப் போயிட்டீங்களா?"

"எதுக்கு? மேல் லயத்து ஆளுங்க போயிட்டாங்க. அவங்களுக்குச் சுவரு இல்ல, பாவம். நமக்கு என்னா?"

"இல்லக்கா, போயிருங்க. மழை ரொம்ப."

"நீ சின்னதுலயே இப்படித்தான். இடி இடிச்சா என் பாவாடைக்குள்ள வந்து ஒளிவே. அங்க போனா அத்தன பேருக்கு ஒரே ஒரு கக்கூசு. நான் போகல."

"அக்கா, போங்கன்னா போங்க."

"உன் சுவரு மேல உனக்கே நம்பிக்கை இல்லயா?" என்று சிரித்தாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் எங்கள் ஆட்கள் நின்றார்கள். இரண்டடி தள்ளிக் கொந்தராத்துக்காரர் குடையோடு நின்றார். சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். நான், "சரிக்கா, பத்திரமா இருங்க" என்றேன். அவள், "நீ நனையாம வீட்டுக்குப் போ" என்றாள்.

அன்று பின்னேரம் சுவர் விழுந்தது. எனக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். தலாத்துஓயாவுக்கு அப்பால் பஸ் இல்லை. நடந்து போனேன். வழியில் எத்தனையோ இடத்தில் மண் சரிந்து கிடந்தது. ஏறி ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அக்காவை எடுத்துத் துணியால் மூடியிருந்தார்கள். மச்சான் மாட்டை அவிழ்த்துக் கட்ட வெளியே போனதால் தப்பினார். கடைசி மூன்று காம்பராவும் இல்லை. அக்காவோடு பக்கத்துக் காம்பராப் பெண்ணும் போய்விட்டாள், அன்று என்னைக் கிண்டல் செய்தவள்.

மேல் லயத்துக்குச் சுவர் இல்லை. மேடு அங்கேயும் சரிந்து இரண்டு காம்பராவை மூடியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. சுவர் இல்லாதவர்கள் பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், பிழைத்தார்கள். சுவர் இருக்கிறது என்று இருந்தவர்கள் செத்தார்கள். சுவரே கட்டாமல் அந்தக் காசு முழுவதையும் கொந்தராத்துக்காரரும் சபை உறுப்பினரும் தின்றிருந்தால் என் அக்கா இன்றைக்கு இருப்பாள். இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அளவுக்கு மிஞ்சின மழையால் நடந்த இயற்கை அனர்த்தம் என்று எழுதி, மச்சானிடம் கையெழுத்து வாங்கினார்கள். மழை அளவுக்கு மிஞ்சியதுதான், பொய் இல்லை. பக்கத்துத் தோட்டத்தின் ஒழுகுகிற சுவர் மட்டும் அப்படியே நின்றது. அதை யாரும் எழுதவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் போனபிறகு மச்சானிடம் சொன்னேன். சீமெந்து போன இடம், மண், குழாய், எல்லாம். அவர் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மச்சான்."

"அவ உங்கிட்ட எதும் கேட்டாளா?"

அதை அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டாள் என்றேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். வெகுநேரம் கழித்து வந்து, "ஞாயித்துக்கிழமை வா. லயத்து ஆளுங்க முன்னால சொல்லு" என்றார்.

போனேன். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் நின்றார்கள். குழாய் வெட்டினது வரைக்கும் சொல்லி நிறுத்திவிட்டேன். செத்துப்போன பக்கத்துக் காம்பராப் பெண்ணின் மாமியார் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்து, "குடிச்சிட்டுச் சொல்லு" என்றாள். சொல்லி முடித்தேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மாதான் கேட்டாள்.

"இதே மாதிரி வேற எங்க கட்டினீங்க?"

இரண்டு இடம் சொன்னேன். ஒன்று தெல்தோட்டைப் பக்கம். அன்றைக்கே அங்கே ஆள் அனுப்பினார்கள்.

பெரிய பாஸுக்குச் செய்தி போய்விட்டது. போன் எடுத்தார். மிரட்டவில்லை. "மல்லி, மேல உள்ளவங்க பேரு ஒரு காகிதத்துலயும் இருக்காது. குழாய வெட்டின கை உன்னோடது, மண்ணு போட்ட கை என்னோடது. மாட்டினா நாம ரெண்டு பேருதான்" என்றார். அவர் சொன்னது சரி. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

ஆனாலும் மனு எழுதினோம். லயத்து ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள். போடத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். நேற்று நானும் மச்சானும் கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "விசாரணை முடிஞ்ச கேஸ் தானே இது" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, முத்திரை குத்தி ஒரு பிரதியைத் திருப்பித் தந்தார். "இதுல உங்க பேரும் இருக்கு. யோசிச்சுத்தான் குடுக்கிறீங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மனுவில் என்னைப் பற்றி நான்கு வரிதான் இருக்கிறது. மற்றதை எழுதவே இந்தக் கொப்பியை வாங்கினேன்.

பஸ் நிலையம் வரைக்கும் மச்சானோடு நடந்தேன். தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். முன்பெல்லாம் கையைக் காட்டிவிட்டுத்தான் போவார். பஸ் வளைந்து ரோட்டுக்கு ஏறும் வரைக்கும் நான் நின்றேன். அவர் நேராக முன்னால் பார்த்தபடி போனார்.

கண்டி,
பங்குனி மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை.