பூப்போட்ட உறை

எங்கள் பெரியம்மா வீட்டில் எந்த மின்சாதனமும் வெற்றுடம்போடு இருந்ததில்லை. தையல் கடையில் வேலை பார்த்தவள். மீந்த துணியில் டிவிக்கு, கம்ப்யூட்டருக்கு, ஏன், ரிமோட்டுக்குக்கூட உறை தைத்துவிடுவாள். நாங்கள் டிவி பார்க்க வேண்டுமென்றால் முதலில் பூப்போட்ட உறையை ஒழுங்காக மடித்து அவள் கையில் கொடுக்க வேண்டும். கசக்கினால் அன்று டிவி கிடையாது; அழுதால் மறுநாளும் கிடையாது.

அந்த டிவி உயிரை விட்டுப் பல வருஷமாகியும் உறையோடு மூலையில் நின்றது. பழைய சாமான் வாங்குபவர் கேட்டபோது விரட்டிவிட்டாள்.

"செம்புக்காக உள்ள இருக்கற கண்ணாடிக் குழாயை உடைப்பீங்க. அதுல ஈயம் இருக்காம். தெருவெல்லாம் அது பறக்கணுமா?"

கடைசியில் மின்கழிவு மையத்துக்கு அவளே போன் செய்தாள். வண்டியோடு வந்தவர் டிவியை அலுங்காமல் ஏற்றிவிட்டு, உறையைக் கழற்றப் போனார்.

"இதை வச்சுக்குங்கம்மா. அங்க போனதும் டிவியைத் தனித்தனியாப் பிரிச்சிடுவோம்."

பெரியம்மா உறையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"பிரிங்க, வேணாங்கல. அதுவரைக்கும் தூசி படாம போகட்டும்."