வின்சன்ட்டின் வயிறு

வலையைப் பாதி இழுத்திருந்தபோது வின்சன்ட்டின் வயிற்றை உள்ளிருந்து யாரோ ஈரத் துணிபோல முறுக்கிப் பிழிந்தார்கள். படகின் விளிம்பில் நெஞ்சைச் சாய்த்தான். கைகள் வழுக்கின. வலைக் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு அந்த முறுக்கல் அடங்கும்வரை நின்றான்.

"என்ன மச்சான், வாடின கீரைக்கட்டு மாதிரி நிக்கிறாய்? இழு," என்றான் எஞ்சினடியில் இருந்த றெஜினோல்ட்.

றெஜினோல்ட், வின்சன்ட்டின் மனைவி பிரான்சிஸ்காவின் அண்ணன். படகும் எஞ்சினும் வலையும் அவனுடையவை. வின்சன்ட்டுக்குச் சொந்தமாக இருந்தவை இரண்டு கைகள். பாரமான வலையைத் தனி ஆளாக இழுக்கவும், பெரிய உருப்படி அகப்பட்டால் வெட்டிப் பிரிக்கவும் பள்ளிமுனைக் கரையில் அந்தக் கைகளுக்குப் பெயர் இருந்தது. அவை சோர்ந்தால் படகில் இடம் போய்விடும். படகில் இடம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

மீன், இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் அவன் விட்டு மூன்றாவது கிழமை அது.

விட்ட காரணம் றெஜினோல்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனும் பக்கத்தில்தான் நின்றான். சாம்பல் புதன் கழிந்த கையோடு, விடிகிற நேரத்தில், அவர்களுடைய வலையில் கடற்பன்றி ஒன்று சிக்கியது. கடலடிப் புல்லை மேய்ந்து திரிகிற, யாருக்கும் தீங்கு செய்யாத பெரிய விலங்கு. பிடித்தால் மறியல், சிறைதான். ஆனாலும் இறைச்சிக்கு ஆள் உண்டு. கண்டல் மரங்களுக்குப் பின்னால் இழுத்துப்போய் ஆழமில்லாத தண்ணீரில் போட்டார்கள்.

வின்சன்ட் இரும்புக் கம்பியால் தலையில் அடித்தான். முதல் அடி வழுக்கியது. அடுத்த அடி மூக்கெலும்பை உடைத்தது. அது கத்தவில்லை. மூச்சை விட்டது. விட்ட மூச்சோடு இரத்தம் அவன் முகத்தில் தெறித்தது. கண்ணைத் துடைக்காமலே அடித்தான். மண்டை உள்ளே அமுங்கிய பிறகும் வால் தண்ணீரை அறைந்துகொண்டிருந்தது. வால் நிற்கும்வரை அடித்தான். பிறகு கத்தியை எடுத்து அதன் முன்துடுப்பின் அடியில், கமக்கட்டில் இறக்கினான். முலை அங்கேதான் இருக்கிறது என்பது அவனுக்கு நினைவில்லை. வெட்டிய இடத்திலிருந்து பால் பீறிட்டு அவன் முழங்கைவரை வழிந்தது. நல்ல சூடு. பின்னால் வந்த இரத்தம் அதை ரோசா நிறமாக்கியது.

"குட்டி இருக்கும் மச்சான்," என்றான் றெஜினோல்ட். "தாயைத் தேடி அங்கதான் சுத்தும். வலையைத் திருப்பிப் போடுவம்."

போட்டார்கள். குட்டி அகப்படவில்லை.

மறுநாள் காலை பிரான்சிஸ்கா பால் தேத்தண்ணீர் கொடுத்தாள். ஒரு மிடறு தொண்டையில் இறங்கியதும் முழங்கையில் அந்தச் சூடு திரும்ப வந்தது. முற்றத்துக்கு ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தியெடுத்தான். மத்தியானம் மீன் குழம்பும் அப்படியே போயிற்று. தவக்காலம் என்பதால் யாரும் துருவிக் கேட்கவில்லை. இருபது வருசத்தில் மனுசன் முதல்முறையாக வாயைக் கட்டி ஒறுத்தல் செய்கிறார் என்று பிரான்சிஸ்கா சந்தோசப்பட்டாள்.

சந்தோசம் நீடிக்கவில்லை. அவன் உடம்பு அவனோடு சண்டைக்கு நின்றது. கடலையும் கௌபியும் பருப்பும் உள்ளே போய் வயிற்றை மேளமாக்கின. "எஞ்சினுக்கு எண்ணெயே தேவையில்லை. இவனைப் பின்னுக்கு இருத்தினால் காணும், படகு ஓடும்," என்றான் றெஜினோல்ட். கோப்பை நிறையச் சோறு தின்றாலும் வயிறு நிரம்பியதே தவிரப் பசி போகவில்லை. நித்திரையில் கெண்டைக்கால் கல்லாக இறுகும். எழும்பிச் சுவரில் காலை உதைத்து உதைத்து அதை இளக்குவான். பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசம் வந்தால் வாயில் எச்சிலும் தொண்டையில் பித்தமும் ஒன்றாக ஊறின.

ஒருநாள் தேங்காய்ச் சம்பலைத் தொட்டு நக்கியவன் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

"என்ன போட்டனி இதுக்குள்ள?"

"ஒண்டும் போடேல்லை. மாசி கொஞ்சம் இடிச்சுப் போட்டனான்."

"மாசி மீனில்லையோ?"

"அது சம்பலுக்குப் போடுற சாமான். அதை ஆர் மீனெண்டு கணக்குப் பாக்கிறது?" என்றாள் அவள், உண்மையாகவே விளங்காமல். காய்ந்து இடிபட்டுத் தூளாகிக் கிடப்பதை அவள் ஒருநாளும் மீனாக நினைத்ததில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கும்போது அவள் பெருவிரல் வெட்டுப்பட்டது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கையில் வடிந்த இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பயம் பிடித்தது. அன்றைக்குத்தான் கடலில் நடந்ததை முழுவதும் கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு சொதி வைக்கும்போது இரண்டு மடங்கு மஞ்சள் போட்டாள். தேங்காய்ப்பாலின் வெள்ளை அவன் கண்ணில் படக்கூடாது என்று.

உயிர்த்த ஞாயிறு வந்து போயிற்று. அவன் மீனுக்குத் திரும்பவில்லை. வயிறுதான் மெல்ல மெல்லத் தோற்றுப்போனது. முதலில் வாய்வு அடங்கியது. காலைக்கடன் சுகமாயிற்று. நாக்கு வேறு நாக்காக மாறியது; முருங்கையிலை வறையில் இவ்வளவு இனிப்பு இருக்கிறதென்று அவனுக்கு முன்பு தெரியாது. வலை இழுக்கும்போது மூச்சு முட்டுவது குறைந்தது. ஆனால் ஒரு வருசம் கழிய விரல் நுனிகள் மரத்துப்போய்க் கயிறு பிடிபடாமல் நழுவின. ஆசுபத்திரியில் டொக்டர் அம்மா இரத்தம் எடுத்துப் பார்த்தார். "நரம்புக்குத் தேவையான விற்றமின் மரக்கறியில இல்லை. இறைச்சி, மீன் சாப்பிடாட்டில் குளிசை போடத்தான் வேணும். விட்டால் காலும் கையும் இழுத்துப்போடும்," என்றார். அவன் குளிசை போட்டான். சில மாதங்களில் விரல்கள் அவனுக்குத் திரும்பக் கிடைத்தன.

அதற்குள் றெஜினோல்ட் கரையில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டான். "இலை தின்னுது, புல்லுத் தின்னுது. கடற்பன்றியடா இது." எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அது எந்த இடத்தில் குத்தியது என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவர்கள் சாப்பிட இருந்த நேரம், றெஜினோல்ட் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பிரான்சிஸ்கா அவனுக்குச் சோறும் பொரித்த ஓரா மீனும் வைத்தாள்.

"அங்கால புல்லுத் தரையில இன்னொண்டு மேயுது மச்சான். கேக்கிற ஆளும் வந்து நிக்கிறான். நாளைக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வா."

"வலை இழுக்கிறன். கத்தி பிடிக்கமாட்டன்."

"கத்தி பிடிக்காட்டில் படகுக்கும் வராதை. புல்லுத் தின்னியை வைச்சிருந்து நானும் எவ்வளவு காலம் இழுபடுறது?"

"நேற்று இழுத்தது ஆர்? நீயோ?"

"அண்ணை, விடு. சாப்பிட்டிட்டுக் கதையுங்கோ," என்றாள் பிரான்சிஸ்கா.

"நீ சும்மா இரு. இவன்ரை வியாதிக்கு மருந்து இதுதான்."

றெஜினோல்ட் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. வின்சன்ட்டின் தலையைக் கமக்கட்டுக்குள் இறுக்கிச் சுவரோடு சாத்தினான். பொரித்த மீனை முள்ளோடு நசுக்கி அவன் வாய்க்குள் திணித்தான். முள் பல் முரசில் ஏறியது. வின்சன்ட்டுக்கு மூச்சு அடைத்தது. "தின்னடா கடற்பன்றி, தின்," என்று விரல்கள் தொண்டைவரை தள்ளின.

வின்சன்ட் கடித்தான்.

யோசித்துக் கடிக்கவில்லை. தாடை தானாகப் பூட்டிக்கொண்டது. தோல் வெடித்தது, தசை விட்டது, பல் எலும்பில் முட்டியது. றெஜினோல்ட் மறுகையால் அவன் கண்ணிலும் காதிலும் குத்தினான். குத்தக் குத்தத் தாடை இறுகியது. பிரான்சிஸ்கா அகப்பையால் முதலில் அண்ணனை அடித்தாள், பிறகு புருசனை அடித்தாள். "விடுங்கோ, இஞ்சேருங்கோ, விடுங்கோ. எலும்பு தெரியுது." அவன் விட்டபோது இரண்டு விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

கிணற்றடிக்குப் போய்க் குந்தியிருந்தான். வாய் நிறைய இரத்தம், மீன் துண்டு, எச்சில். துப்பினான். துப்ப முடியாதது உள்ளே போயிற்று. இனிச் சத்தி வரும் என்று காத்திருந்தான். ஒரு மிடறு பாலைத் தாங்காத வயிறு அது. மாசித் தூளுக்கே கொதித்த வயிறு. வரவில்லை. மச்சானின் இரத்தத்தை அது சத்தமில்லாமல் வைத்துக்கொண்டது. கடலையையும் கீரையையும் தின்று வெளியேற்றிவிட்டதாக அவன் நம்பியிருந்த ஏதோ ஒன்று, தாடையில் அப்படியே இருந்தது. அங்கேயே இருந்து அழுதான்.

கடித்தது நாய் என்று றெஜினோல்ட் ஆசுபத்திரியில் சொன்னான். தையலோடு நாய்க்கடி ஊசிகளையும் சேர்த்துப் போட்டார்கள். இறைச்சி கேட்டு வந்த ஆள் பார்த்திருந்து அலுத்துப் போய்விட்டான். வேறொருவனை வைத்துப் படகு இறக்கியதில் வலை கிழிந்து வந்தது. கடைசியில் பிரான்சிஸ்காதான் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "அவர்ரை வாய்க்குள்ள கையை விட்டது நீ. வேலையும் நீதான் குடுக்கவேணும்," என்றாள்.

கட்டுப்போட்ட கையோடு றெஜினோல்ட் வந்து படலையடியில் நின்றான். உள்ளே வரவில்லை.

"நாளைக்கு வா."

"கத்தி?"

"கத்தியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீ வா. இனி உன்ரை வாய்க்குக் கிட்டவும் வரமாட்டன்."

வின்சன்ட் பயற்றங்கஞ்சியையும் குளிசையையும் எடுத்துக்கொண்டு போனான். தனியாக வலை இழுத்தான். வயிறு முறுக்கவில்லை, கை நழுவவில்லை. றெஜினோல்ட் ஒற்றைக் கையால் எஞ்சினைப் பிடித்தபடி படகைக் கரைக்கு விட்டான்.

கரையில் கடித்த கதை முந்தி வந்திருந்தது. "சுறா வருகுது, விலகுங்கோடா," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்து வழிவிட்டார்கள். வின்சன்ட் தலையைக் குனிந்துகொண்டு மீன் கூடையைத் தூக்கினான். அவர்கள் கடற்பன்றி என்றே கூப்பிட்டிருக்கலாம் என்று அவனுக்குப் பட்டது.