ஆட்டுக்கு இல்லாத தடை

ஸீனத் ராத்தாவின் பிடிவாதம் கொட்டாஞ்சேனைக்கே தெரியும். என் பக்கத்து வீட்டில் இருந்து பிளவுஸ் தைப்பவர். சொன்ன நாளுக்கு முன்னால் துணி கேட்டுப் போனால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

மௌத்தாகிப் போன கணவரின் பெயரில் இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, அறுத்துப் பங்கிடும் உழ்ஹிய்யா கொடுக்க ஒரு கிடா வாங்கினார். பலாவிலை, புண்ணாக்கு, கோவா இலை என்று போட்டதையெல்லாம் தின்றது. ஆனாலும் இளைத்துக்கொண்டே போனது. மதிலில் உரசி உரசித் தோளில் மயிர் கொட்டியது. ராத்தா தீனியைக் கூட்டினார்.

பெருநாள் நெருங்கும்போது கிடா எழும்பவில்லை. மிருக வைத்தியர் றொஹான் வந்து கண்ணிமையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக வெளிறிக் கிடந்தது. கழுத்து மயிருக்குள் முழுக்க உண்ணி. தின்பதெல்லாம் உண்ணி குடித்த இரத்தத்தை மறுபடி ஊற வைக்கவே போகிறது, உடம்பில் எப்படி ஒட்டும் என்று கேட்டார். உடம்புச் சூடும் குறைந்திருந்தது. ஊசி போட்டு, பூசும் மருந்தும் கொடுத்தார். உடனே மயிரை ஒட்ட வெட்டி மருந்து பூசாவிட்டால் தப்பாது என்று சொல்லிப் போனார்.

ராத்தா மறுத்துவிட்டார். உழ்ஹிய்யா கொடுப்பவர் ஹஜ்ஜு மாதப் பிறை கண்டதிலிருந்து அறுக்கும்வரை தன் முடியும் நகமும் வெட்டுவதில்லை. இவர் அந்தத் தடையை ஆட்டுக்கும் சேர்த்து வைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய கத்தரிக்கோலைப் பிடுங்கப் பார்த்தேன்.

"என்ட நிய்யத்தப் பாழாக்க வாணாம், அவருக்காக மனசுல நெனச்சது" என்றார்.

கிடாவுக்கு மூச்சு இழுத்தது. நான் பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்து, விஷயத்தைச் சொல்லி, ராத்தாவின் காதில் வைத்தேன்.

"அந்தத் தடை உங்களுக்கு, ராத்தா. ஆட்டுக்கு இல்ல" என்று மௌலவி சொன்னது எனக்கும் கேட்டது.

ராத்தா துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து கிடாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மயிர் விழ விழ, இரத்தம் குடித்து ஊதிய உண்ணிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. மருந்து பூசியும் விடாதவற்றை, வெட்டாமல் வளர விட்டிருந்த நகங்களால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அறுக்க வாங்கிய ஆட்டின் உயிருக்காகத் துஆக் கேட்டு அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கும் தாங்கவில்லை.

பெருநாள் காலையில் கிடா கால் நடுங்க எழுந்து நின்றது. அறுக்க வந்த ஜவாத் நானா அதன் விலாவைத் தடவிப் பார்த்து, இவ்வளவு மெலிந்த நோயாளி ஆடு உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்றார். இனி அறுப்பு இல்லை, ராத்தா நகத்தை வெட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ராத்தா தன் விரல்களைப் பார்த்தார். பெருநாள் உடுப்போடு நிலத்தில் உட்கார்ந்து கிடாவின் காதை விரித்தார்.

"இன்னும் உண்ணி இரிக்கி" என்றார்.